படப் பைபிள்: ஒரே புத்தகத்துக்கு ஏன் இத்தனை அபிப்பிராயம்?

படங்களுடன் கூடிய பைபிள் ஒன்றை வேலூரில் நாலு வீட்டில் கொடுத்துக் கேட்டால் நாலு விதமான பதில் வரும். பிள்ளைகள் அதைக் கீழே வைப்பதே இல்லை என்பார் ஒருவர். இயேசுவுக்கு முகம் வரைந்ததே தப்பு என்பார் இன்னொருவர். எழுத்து பொடிப்பொடியாக இருக்கிறது, கண்ணாடி போட்டும் படிக்க முடியவில்லை என்று ஒரு பாட்டி சொல்வார். பாதிக் கதையைக் காணோமே என்று ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை ஒருவர் கேட்பார். நாலு பேர் சொல்வதும் உண்மையாகவே இருக்கலாம். முதலாமவர் வாசிக்கிறவரைப் பற்றிப் பேசுகிறார், இரண்டாமவர் பத்துக் கட்டளையைப் பற்றி, பாட்டி அச்சைப் பற்றி, ஆசிரியை பாடத்தைப் பற்றி. யார் எதைப் பற்றிப் பேசுகிறார் என்று பிரித்துக் கேட்காததால்தான், வாங்கலாமா வேண்டாமா என்ற சின்ன முடிவுகூடக் குழம்பிப்போகிறது.

எந்த வகையைச் சொல்கிறார்கள்?

'படப் பைபிள்' என்ற ஒரே பெயரில் வெவ்வேறு வகைப் புத்தகங்கள் விற்கின்றன. முதல் வகையில் வேதவாக்கியம் முழுதும் இருக்கும், இடையிடையே படத்தாள் வரும். இரண்டாவது வகை கதைப் பைபிள்: ஆதாம் முதல் பவுல் வரை சில கதைகளைத் தேர்ந்தெடுத்து, எளிய நடையில் மாற்றி எழுதி, பக்கத்துக்கு ஒரு படம் போட்டது. மூன்றாவது, காமிக்ஸ் வடிவம். நான்காவது வகையில் ஓவியமே இருக்காது. நிலப்படம், ஆசரிப்புக் கூடாரத்தின் (இஸ்ரவேலரின் பழைய வழிபாட்டுக் கூடாரம்) அமைப்பு, பழைய நாணயம், எருசலேமின் புகைப்படம் போன்றவை இருக்கும்.

இவற்றுள் கதைப் பைபிளை முழு வேதாகமம் என்று நினைத்து வாங்கி ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். அட்டையில் 'பைபிள்' என்று பெரிதாக இருக்கும். உள்ளே அதிகாரமும் வசன எண்ணும் இருக்காது. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, யோனாவின் கதை எங்கே முடிகிறது என்று பார்ப்பது. மீன் அவரைக் கரையில் கக்கியதோடு, அல்லது நினிவே மனந்திரும்பியதோடு கதை முடிந்தால் அது சுருக்கம். மூலத்தில் நான்காம் அதிகாரம் ஒன்று உண்டு. நினிவே தப்பிவிட்டதே என்று யோனா கோபித்துக்கொண்டு ஊருக்கு வெளியே உட்கார்ந்திருப்பதும், தேவன் அவரோடு வாதாடுவதும் அதில்தான் வருகின்றன. அந்த நூலின் மையமே அதுதான். அதை விட்டுவிட்டால் யோனா வெறும் மீன் கதையாகிவிடும். நோவா கதையில் 9-ஆம் அதிகாரத்துக் குடிவெறியும், தாவீது கதையில் பத்சேபாளும் இருக்கின்றனவா என்றும் பார்க்கலாம். சிறு பிள்ளைக்கான புத்தகத்தில் இவற்றை விட்டது குற்றமில்லை. விட்டிருக்கிறார்கள் என்று வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவே.

முழு வேதாகமத்திலும் ஒரு வித்தியாசம் உண்டு. சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே சபைகளில் வழங்கும் வேதாகமத்தில் 66 நூல்கள். கத்தோலிக்கர்களின் விவிலியத்தில் 73. குஸ்தாவ் டோரே என்ற பிரெஞ்சு ஓவியர் 1866-இல் வெளிவந்த பைபிளுக்காக வரைந்த 241 படங்களில் தோபித்து, யூதித்து, மக்கபேயர் நூல்களின் காட்சிகளும் உண்டு. 66 நூல் பதிப்பில் அந்தப் படங்களுக்கு இடமில்லை. 'டோரே படங்கள் அனைத்தும்' என்று சொல்லி விற்கும் 66 நூல் பதிப்பில் சில படங்கள் குறைந்தால் அச்சகத்தைக் குறைசொல்ல வேண்டியதில்லை.

படம் வசனத்தைவிட அதிகம் பேசும்

இதைப் புரிந்துகொண்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். எழுதுகிறவர் சொல்லாமல் விட முடியும், வரைகிறவரால் முடியாது. வசனம் ஒருவரின் வயதையோ உடையையோ முடியின் நிறத்தையோ சொல்லாமலே நகர்ந்துவிடும். ஓவியர் ஏதாவது ஒரு வயதையும் ஒரு உடையையும் ஒரு நிறத்தையும் போட்டே ஆகவேண்டும். அந்த இடத்தில் அவர் உரையாசிரியராகிவிடுகிறார். ஆகவே பைபிளில் வரும் ஒவ்வொரு படமும் ஒரு விளக்கவுரை. உரையில் சரியும் இருக்கும், தவறும் இருக்கும், வெறும் ஊகமும் இருக்கும்.

நோவாவின் பேழையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆதியாகமம் 6:15-இல் நீளம் 300 முழம், அகலம் 50 முழம், உயரம் 30 முழம் என்று அளவே கொடுத்திருக்கிறது. முழத்துக்கு ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் வைத்தால் 135 மீட்டர் நீளம், 22.5 மீட்டர் அகலம், 13.5 மீட்டர் உயரம். அகலத்தைப் போல ஆறு மடங்கு நீளம், மூன்று தட்டு, பக்கவாட்டில் ஒரு கதவு. பிள்ளைகள் புத்தகங்களில் வருவதோ உருண்டையான சின்னப் படகு, மேலே ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து நீட்டிக்கொண்டிருக்கும். மிருகங்களும் ஜோடி ஜோடியாகத்தான் ஏறும். சுத்தமான மிருகங்களில் ஏழு ஏழு ஜோடு என்று 7:2 சொல்வதை எந்தப் படத்திலும் பார்ப்பது அரிது.

கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் மூன்று பேர் என்று மத்தேயு எழுதவில்லை. காணிக்கை மூன்று என்பதால் ஆளும் மூன்றாகிவிட்டது. ஒட்டகமும் அங்கே இல்லை. அவர்கள் வந்தது மாட்டுத்தொழுவத்துக்கு என்றும் இல்லை. 'வீட்டுக்குள் பிரவேசித்து' என்றுதான் 2:11-இல் இருக்கிறது. ஆனால் கிறிஸ்துமஸ் குடிலில் மேய்ப்பர்களும் சாஸ்திரிகளும் ஒரே இரவில் நிற்பதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, வீட்டுக்குள் வரைந்த படம்தான் தவறாகத் தெரியும். சரியாக வரைந்த ஓவியரைத் தவறென்று சொல்லும் அபிப்பிராயங்களில் பெரும்பாலானவை இப்படிப் பிறந்தவையே.

சிங்கக்கெபியில் தானியேல் பெரும்பாலும் இளைஞனாகவே வரையப்படுகிறார். யோயாக்கீமின் மூன்றாம் வருஷத்தில் சிறைப்பட்டுப் பாபிலோனுக்குப் போனவர், பாபிலோன் விழுந்த பிறகு தரியுவின் ஆட்சியில் கெபியில் போடப்படுகிறார். இடையில் 60 ஆண்டுக்கும் மேல் ஓடியிருக்கிறது. அவர் எண்பதை நெருங்கிய கிழவர். அப்படி வரைந்த படத்தைப் பார்த்தால் கதையின் கனமே மாறும். மோரியா மலைக்குப் போகும் ஈசாக்கும் அப்படித்தான்: தகனபலிக்கான கட்டைகளை அவன்தான் சுமக்கிறான் என்று ஆதியாகமம் 22:6 சொல்கிறது, படத்திலோ மூன்று வயதுக் குழந்தை. தமஸ்கு சாலையில் பவுல் குதிரையிலிருந்து விழுவதாக வரைவார்கள். அப்போஸ்தலர் 9-இல் அவர் தரையில் விழுகிறார், குதிரை இல்லை. ஏதேனில் ஆப்பிள் இல்லை. பெயர் சொன்ன ஒரே மரம் அத்தி, அதுவும் இலைக்காக.

தமிழ்ப் பதிப்புகளுக்கென்றே ஒரு சிக்கலும் உண்டு. யோனாவுக்கு நிழல் தந்த செடி, பழைய திருப்புதல் என்ற தமிழ் மொழிபெயர்ப்பில் ஆமணக்கு. வெளிநாட்டிலிருந்து வாங்கிய படத்தில் சுரைக்கொடி தொங்கும், அங்கே அவர்கள் மொழிபெயர்ப்பில் அப்படி இருப்பதால். வயல் வரப்பில் ஆமணக்கைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, 'இது ஆமணக்கு இல்லையே' என்று கேட்டுவிடும். படமும் வாசகமும் வெவ்வேறு ஊரில் பிறந்தவை என்பதற்கு இது நல்ல அடையாளம்.

வேண்டுமென்றே ஏற்றிய கருத்தும் படத்தில் இருக்கும். 1522 செப்டம்பரில் மார்ட்டின் லுத்தரின் ஜெர்மன் புதிய ஏற்பாடு வந்தபோது, வெளிப்படுத்தின விசேஷத்துக்கு லூக்காஸ் கிரானாக்கின் பட்டறை மரச்செதுக்குப் படங்கள் செய்து கொடுத்தது. அதில் தீமையின் உருவாக வரும் பாபிலோன் ஸ்திரீயின் தலையில் போப்பாண்டவரின் மூன்றடுக்கு முடி! எதிர்ப்பு கிளம்பவே டிசம்பர் பதிப்பில் அந்த முடியைச் செதுக்கிக் குறைத்தார்கள். வாசகம் அதேதான். படத்தில் ஒரு தொப்பி மாறியதும் புத்தகத்தின் அர்த்தமே மாறியது. படங்களைப் பற்றிய சண்டை இன்று நேற்றுத் தொடங்கியதில்லை.

வட ஆற்காட்டில் ஏன் இந்தப் பேச்சு சூடாகிறது?

வேலூர்க் கோட்டைக்குள் போனால் ஜலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபத்தில் தூண் முழுக்கச் சிற்பம். அதே மதிலுக்குள் உருவமே இல்லாத மசூதி. 1846-இல் கட்டிய புனித யோவான் ஆலயமும் அங்கேயே. இந்த ஊரில் வளர்ந்தவருக்கு, கடவுளை உருவத்தில் காட்டலாமா கூடாதா என்பது புத்தகத்தில் மட்டும் படிக்கிற கேள்வி இல்லை.

கிறிஸ்தவர்களுக்குள்ளேயும் இங்கே மூன்று நான்கு மரபுகள் அடுத்தடுத்த தெருவில் இருக்கின்றன. வட ஆற்காட்டில் பழைய பிராட்டஸ்டண்ட் சபைகளில் பலவற்றை நிறுவியது 1853-இல் ஸ்கடர் சகோதரர்கள் அமைத்த அமெரிக்க ஆற்காடு மிஷன். அது அமெரிக்காவின் சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்தது. அந்தத் திருச்சபையின் அடிப்படை நூல்களில் ஒன்று 1563-இல் வெளிவந்த ஹைடல்பர்க் வினாவிடை. படிக்காத மக்களுக்குப் புத்தகமாக இருக்கட்டும் என்று ஆலயத்தில் உருவங்களை வைக்கலாமா என்று அதன் 98-ஆம் கேள்வி நேரடியாகவே கேட்கிறது. கூடாது, ஊமையான உருவங்களால் அல்ல, உயிருள்ள வார்த்தையைப் பிரசங்கிப்பதால்தான் தேவன் தம் ஜனத்துக்குப் போதிக்க விரும்புகிறார் என்பது விடை. ஆற்காடு மிஷன் சபைகள் 1947-இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையில் அடக்கம். ஹைடல்பர்க் என்ற பெயரே கேள்விப்படாத வீடுகளிலும் 'வசனம் போதும், படம் எதற்கு' என்ற குரல் கேட்டால், அதற்கு இப்படி ஒரு நீண்ட பாரம்பரியம் உண்டு என்று அறிவது நல்லது.

கத்தோலிக்க மரபின் பதிலும் அதே கேள்விக்குத்தான், ஆனால் எதிர்த் திசையில். ஏறக்குறைய 600-ஆம் ஆண்டில், உருவங்களை உடைத்த மர்செய் நகர ஆயர் செரேனுசுக்குப் போப்பாண்டவர் முதலாம் கிரகோரியார் கடிதம் எழுதினார்: படிக்கத் தெரிந்தவருக்கு எழுத்து எதுவோ, தெரியாதவருக்குப் படம் அதுவே, வழிபடுவதும் தவறு, உடைப்பதும் தவறு. 787-இல் கூடிய இரண்டாம் நிசேயா சங்கம் என்ற ஆயர்கள் பேரவை, உருவத்துக்குச் செய்யும் மரியாதை வேறு, கடவுளுக்கு மட்டுமே உரிய ஆராதனை வேறு என்று வகுத்துச் சொன்னது.

லுத்தரன்கள் நடுவில் நிற்கிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் மிசௌரி லுத்தரன் மிஷன் வேரூன்றிய சபைகள் உண்டு. லுத்தரே 1534-இல் முழு ஜெர்மன் பைபிளை நூற்றுக்கும் மேற்பட்ட மரச்செதுக்குப் படங்களோடுதான் வெளியிட்டார். வணங்காதவரை படம் பாடத்துக்கு உதவி என்பது அவர் நிலை.

எல்லோரும் மேற்கோள் காட்டுவது யாத்திராகமம் 20:4-ஐத்தான்: 'ஒரு சொரூபத்தையாகிலும் யாதொரு விக்கிரகத்தையாகிலும் நீ உனக்கு உண்டாக்கவேண்டாம்.' கத்தோலிக்கர்களும் லுத்தரன்களும் இதை முதல் கட்டளையின் பகுதியாக எண்ணுகிறார்கள். சீர்திருத்த மரபு இதைத் தனியே இரண்டாம் கட்டளையாக எண்ணுகிறது. தனிக் கட்டளையாக மனப்பாடம் செய்து வளர்ந்தவருக்கு அதன் அழுத்தம் கூடுதலாக இருப்பது இயல்பு. அதே யாத்திராகமம் 25-இல் உடன்படிக்கைப் பெட்டியின் மேல் பொன்னால் கேருபீன்கள் என்ற சிறகுள்ள உருவங்களைச் செய்யச் சொல்லியிருக்கிறது. 31-இல் பெசலெயேல் என்ற கைவினைஞனைத் தேவன் தம் ஆவியினால் நிரப்புகிறார். எண்ணாகமம் 21-இல் வெண்கலச் சர்ப்பத்தை உண்டாக்கச் சொன்னதும், பிற்காலத்தில் ஜனங்கள் அதற்குத் தூபங்காட்டத் தொடங்கியதால் எசேக்கியா ராஜா அதை உடைத்ததும் ஒரே வேதத்தில்தான் இருக்கின்றன. இரு தரப்புக்கும் வசனம் உண்டு.

சீர்திருத்த மரபிலும் எல்லாப் படமும் விலக்கில்லை. கண்ணால் காணக்கூடியதை வரையலாம், தேவனை வரையக்கூடாது என்பது ஜெனிவாவின் சீர்திருத்தவாதி கால்வின் வகுத்த கோடு. அந்த வட்டத்திலிருந்து 1560-இல் வந்த ஜெனிவா பைபிளில் நிலப்படங்களும் ஆசரிப்புக் கூடாரப் பொருட்களின் படங்களும் இருந்தன. ஆகவே படமே வேண்டாம் என்று சொல்கிற பெரியவருக்கு, மேலே சொன்ன நான்காவது வகைப் பைபிளைக் கொடுத்தால் மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்ளக்கூடும்.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஆம்பூர், பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம் போன்ற ஊர்களில் முஸ்லிம் நண்பர்களுக்குப் புத்தகம் பரிசளிக்கிற பழக்கம் உள்ளவர்கள், படப் பைபிளைத் தவிர்ப்பது நல்லது. நூஹ், இப்ராஹீம், மூஸா, ஈஸா ஆகியோர் அவர்களுக்கும் நபிமார். நபிமார்களுக்கு முகம் வரைவதை இஸ்லாமிய மரபு பொதுவாக ஏற்பதில்லை. அன்போடு கொடுத்தது மனவருத்தத்தில் முடியக்கூடாது. படமில்லாத சுவிசேஷப் பிரதி இருக்கிறது.

இயேசுவின் முகம்

சுவிசேஷங்கள் நான்கிலும் இயேசுவின் உயரமோ நிறமோ முகத்தோற்றமோ சொல்லப்படவில்லை. நாட்காட்டியிலும் சட்டமிட்ட படத்திலும் நாம் பார்க்கிற, பழுப்பு முடி தோளில் விழும் சாந்தமான முகங்களில் பலவும் அமெரிக்க ஓவியர் வார்னர் சால்மன் 1940-இல் வரைந்த படத்திலிருந்தும் அதன் சாயலிலிருந்தும் வந்தவை. டோரேயின் படங்களில் ஒளியும் நிழலும் அற்புதமாக இருக்கும், ஆட்கள் ஐரோப்பிய நாடக மேடையில் நிற்பவர்கள்போல் இருப்பார்கள். ஜேம்ஸ் திசோ என்ற இன்னொரு பிரெஞ்சு ஓவியர் 1886-இல் பாலஸ்தீனத்துக்கே போய், அந்த ஊர்த் தெருவையும் உடையையும் முகத்தையும் பார்த்து, இயேசுவின் வாழ்க்கையை 350 நீர்வண்ணப் படங்களாகத் தீட்டினார். நியூயார்க்கின் புரூக்ளின் அருங்காட்சியகம் அவற்றை 1900-இல் வாங்கியது. நம் நாட்டிலும் கோவாவின் ஏஞ்சலோ த ஃபொன்சேகா மரியாளைச் சேலை உடுத்த பெண்ணாக வரைந்தார். பெங்களூரின் ஜோதி சாஹி கிறிஸ்துவை இந்திய மண்ணின் வடிவங்களில் வரைந்து வருகிறார்.

இதில் எங்கள் கருத்தை ஒளிக்க வேண்டியதில்லை. இயேசு மேற்காசியாவில் பிறந்த யூதர். வெள்ளைக்கார முகம் எவ்வளவு ஊகமோ, சேலை உடுத்த மரியாளும் அவ்வளவு ஊகம்தான். ஆனால் இரண்டாவதைப் பார்க்கிறவருக்கு இது ஊகம் என்று உடனே தெரிந்துவிடுகிறது. முதலாவதைப் பல தலைமுறைகளாகப் புகைப்படம்போல் நம்பிக்கொண்டிருக்கிறோம். அதனால் ஒரே ஓவியரின் படங்கள் மட்டும் உள்ள பதிப்பைவிட, இரண்டு மூன்று நாட்டு ஓவியர்களின் படங்கள் கலந்த பதிப்பு பிள்ளைகளுக்கு நல்லது. கர்த்தரின் முகம் இதுதான் என்று ஒன்றிலேயே அவர்கள் மனம் பதிந்துவிடாது.

அச்சுப் பக்கம் நடக்கிற தவறுகள்

'ஏசாயா நடுவில் தாவீது படம் வருகிறது' என்பது அடிக்கடி வரும் புகார். காரணம் கவனக்குறைவு இல்லை. பைபிள் அச்சிடும் தாள் மிக மெல்லியது, 28 முதல் 40 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) வரை. அதில் வண்ணப்படம் அடித்தால் மறுபக்கத்தில் தெரியும். ஆகவே படத்தை 90 முதல் 130 ஜி.எஸ்.எம். வரையுள்ள ஆர்ட் பேப்பரில் தனியே அச்சிட்டு, பைண்டிங்கின்போது சொருகுகிறார்கள். புத்தகம் ஃபாரம் ஃபாரமாக மடித்துத் தைப்பது. 32 பக்க ஃபாரம் என்றால் இரண்டு ஃபாரத்துக்கு இடையிலோ ஒரு ஃபாரத்தின் நடுவிலோதான் படத்தாளை வைக்க முடியும். அதாவது 16 பக்கத்துக்கு ஒரு இடம். தாவீதின் படம் தாவீதின் பக்கத்திலேயே வருவது அதிர்ஷ்டம். நல்ல பதிப்பாளர் படத்தின் கீழே நூல், அதிகாரம், வசனம், பக்க எண் எல்லாம் கொடுப்பார். அது இல்லாத பதிப்பில் படம் வெறும் அலங்காரம்.

அடுத்தது எழுத்தின் அளவு. தமிழ் வாசகம் ஆங்கிலத்தைவிட அதிக இடம் பிடிக்கும். படத்துக்கு இடம் கொடுத்தும் பக்கம் கூடக்கூடாது என்றால் எழுத்தைத்தான் சிறிதாக்குவார்கள். கதைப் பைபிளிலும் காமிக்ஸிலும் இது வேறு விதமாக வெளிப்படுகிறது. பல மொழிகளுக்குச் சேர்த்து ஒரே அச்சகத்தில் அடிக்கும் பதிப்புகளில் வண்ணத்துக்கான மூன்று பிளேட்டும் எல்லா மொழிக்கும் பொது. கறுப்பு பிளேட்டை மட்டும் மொழிக்கு மொழி மாற்றுவார்கள். எழுத்துக்கான கட்டம் முதல் மொழியின் அளவுக்கே இருக்கும். தமிழ் அதில் அடங்க வேண்டுமானால் வாக்கியத்தை வெட்ட வேண்டும், இல்லையென்றால் எழுத்தைக் குறுக்க வேண்டும். மொழிபெயர்ப்பு மொட்டையாக இருக்கிறதே என்ற குறைக்குப் பல நேரம் இந்தக் கட்டம்தான் காரணம்.

டோரே 1883-இல் இறந்தவர். இந்தியாவில் ஓவியருக்குப் பின் 60 ஆண்டுதான் காப்புரிமை. அதனால் யார் வேண்டுமானாலும் அவர் படங்களை அச்சிடலாம், மலிவுப் பதிப்புகளில் அவை நிறைந்திருப்பதும் அதனால்தான். அவை மரக்கட்டையில் செதுக்கிய நுண்கோடுகளால் ஆனவை. தரமான ஸ்கேனிலிருந்து அடித்தால் ஒவ்வொரு கோடும் தனித்தனியே நிற்கும். ஏற்கெனவே அச்சான புத்தகத்தையோ இணையத்துச் சிறு படத்தையோ எடுத்துப் பெரிதாக்கினால் நிழல் பகுதிகள் கறுப்புத் திட்டாகிவிடும், வானத்தில் அலையலையாகக் கறை தெரியும். கடையில் ஒரு படத்தின் இருண்ட மூலையைப் பாருங்கள். அங்கே கோடு தெரிந்தால் வாங்கலாம். வண்ணப் படம் என்றால் முகத்தின் ஓரத்தைப் பாருங்கள். சிவப்போ நீலமோ தனியே விளிம்பு கட்டியிருந்தால் நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காரவில்லை. அதே பதிப்பின் வேறொரு பிரதி நன்றாக இருக்கக்கூடும். மாற்றித் தரச் சொல்லலாம்.

யாருக்கு வாங்குகிறோம்?

ஐந்து வயதுக்குள் என்றால் கதைப் பைபிள் போதும், பக்கத்துக்கு இரண்டு மூன்று வரி. எட்டு வயதிலிருந்து வசனக் குறிப்பு உள்ளதாக இருக்கட்டும், பிள்ளை பெரிய பைபிளில் அந்த இடத்தைத் தேடிப் பழகும். டோரேயை அந்த வயதில் தனியே கையில் கொடுக்க வேண்டாம். வெள்ளத்தில் மூழ்குகிறவர்கள், கோலியாத்தின் தலை, நியாயாதிபதிகள் 19-இல் லேவியன் தன் மறுமனையாட்டியின் உடலைச் சுமந்து போவது எல்லாம் அவர் வரைந்திருக்கிறார். வேதத்தில் உள்ளவைதான், ஆனால் வாசிக்கும்போது பிள்ளை தன் அளவுக்குக் கற்பனை செய்துகொள்ளும். படம் பெரியவரின் அளவை அதன்மேல் சுமத்திவிடும்.

சி.எம்.சி. மருத்துவமனையில் படுத்திருக்கும் ஒருவருக்குக் கொண்டுபோவதென்றால் எடையைப் பாருங்கள். ஆர்ட் பேப்பர் செருகிய பெரிய அளவுப் பதிப்பு ஒன்றரைக் கிலோவைத் தாண்டுவது சாதாரணம். படுத்தபடி பிடிக்க முடியாது. ஒரு சுவிசேஷம் மட்டும் படத்தோடு வந்த மெல்லிய பிரதி அங்கே அதிகம் உதவும். முதியவர்களுக்குப் படம் குறைந்தாலும் எழுத்து பெரிதாக இருப்பதே முக்கியம்.

எந்த மொழிபெயர்ப்பு என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். 1871-இல் முடிந்த பழைய திருப்புதலில் ஊறிய வீட்டில் ஆதியாகமம், யாத்திராகமம் என்றுதான் தேடுவார்கள். 1995-இல் வந்த திருவிவிலியத்தில் அவை தொடக்க நூல், விடுதலைப் பயணம். படத்தின் கீழுள்ள குறிப்பு வேறொரு மொழிபெயர்ப்பின் பெயரில் இருந்தால் பிள்ளைக்குப் பக்கம் கிடைக்காது.

குடும்ப ஜெபத்திலோ மறைக்கல்வி வகுப்பிலோ பயன்படுத்தும்போது வரிசை முக்கியம். முதலில் படத்தை மூடி வைத்துவிட்டு வசனத்தை வாசியுங்கள். எத்தனை பேர் வந்தார்கள், எங்கே நின்றார்கள், யார் பேசினார்கள் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். பிறகு படத்தைத் திறந்து, வசனத்தில் உள்ளது எது, ஓவியர் சேர்த்தது எது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். படத்தை முதலில் காட்டிவிட்டால் வசனத்தைக் காதில் வாங்க மாட்டார்கள். ஒன்பது பத்து வயதுப் பிள்ளைகள் இந்தத் தேடலில் பெரியவர்களைத் தோற்கடித்துவிடுவார்கள்.

வாங்கிய பிறகு

புத்தகத்தின் முதுகை மேலிருந்து பாருங்கள். தாள்கள் சிறுசிறு மடிப்புக் கட்டுகளாகத் தெரிந்து, நடுவில் நூல் ஓடினால் தையல் பைண்டிங். தாள் முழுதும் தட்டையாகப் பசையில் நின்றால், தினமும் திறக்கிற புத்தகத்துக்கு அது தாங்காது. வேலூர் வெயில் மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும். மூடிய காரில் வைத்த புத்தகத்தில் பசை இளகிப் பக்கங்கள் நகர்ந்துவிடும். தைத்த புத்தகத்திலும் ஓரத்தில் பசையால் மட்டும் ஒட்டிய படத்தாள்தான் முதலில் கழன்று வரும். கழன்றால் செலோடேப் ஒட்ட வேண்டாம், சில வருஷத்தில் மஞ்சளாகித் தாளையே தின்றுவிடும். பைண்டரிடம் கொடுத்தால் மைதாப் பசையை மெல்லிய கோடாகத் தடவி உட்கார வைத்துவிடுவார்.

ஐப்பசி மழையில் நனைந்துவிட்டால் ஆர்ட் பேப்பர்தான் ஆபத்து. அதன் மேல் பூச்சு தண்ணீரில் இளகி, காயும்போது அடுத்த தாளோடு ஒட்டிக்கொள்ளும். ஒருமுறை காய்ந்து ஒட்டிவிட்டால் படத்தைக் கிழிக்காமல் பிரிக்க முடியாது. ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொரு படத்தாளுக்கும் இடையில் பட்டர் பேப்பர் வைத்து, மின்விசிறிக் காற்றில் நிறுத்திக் காயவையுங்கள். அன்றைக்கே அதைச் செய்ய நேரமில்லையென்றால் புத்தகத்தைப் பாலித்தீன் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடலாம். ஓய்வு கிடைக்கும் நாளில் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிக்கலாம். வெயிலில் விரித்து வைக்கக்கூடாது, மெல்லிய தாள் அலையலையாகச் சுருங்கிவிடும், பிறகு புத்தகம் மூடவே மூடாது.